ஹேங்கர் சரி, ஆணி எங்கே?

மரத்தளங்களைச் சோதிப்பது என் தொழில். அண்மையில் பார்த்த ஒரு தளத்தின் அடியில், அத்தனை ஜாயிஸ்ட் ஹேங்கர்களும் (தளப்பலகையைத் தாங்கும் ஜாயிஸ்ட் என்ற மரச்சட்டங்களை உத்தரத்தோடு பிணைக்கும் உலோகத் தாங்கிகள்) ஜிப்சம் பலகைக்கான கறுப்பு ஸ்க்ரூக்களால் பூட்டப்பட்டிருந்தன. இதே காட்சியை மறுபடியும் மறுபடியும் கண்டு சலித்துப்போனதால்தான் எழுதுகிறேன். கட்டியவர் கவனக்குறைவானவர் அல்லர். மரமும் ஹேங்கரும் தரமானவையே. "ஆணியைவிட ஸ்க்ரூதானே உறுதி, சார்?" என்று நியாயமாகவே கேட்டார்.

மரையுள்ள ஸ்க்ரூவை மரத்திலிருந்து பிடுங்குவது கடினம் என்பது உண்மைதான். ஆனால் ஹேங்கரில் அமர்ந்த ஜாயிஸ்ட் எதையும் பிடுங்கி இழுப்பதில்லை. தளத்தின் மேல் ஏறும் சுமை முழுவதும் கீழ்நோக்கி இறங்கி, ஆணியின் தண்டைக் குறுக்கே வெட்டப் பார்க்கிறது. அங்கே மரையால் பெரிய பயனில்லை. தண்டின் பருமனும், முறிவதற்கு முன் வளைந்துகொடுக்கும் குணமுமே சுமையைத் தாங்குகின்றன. ஜிப்சம் ஸ்க்ரூவோ கடினப்படுத்தப்பட்ட மெல்லிய எஃகு. அது வளைந்து எச்சரிக்காமல் சட்டென்று முறியும். தளப்பலகை பதிக்கும் சாதாரண டெக் ஸ்க்ரூவும் கூரை ஆணியும் இவ்வேலைக்கு உரியவை அல்ல. ஸ்க்ரூதான் வேண்டுமென்றால், ஹேங்கர் தயாரிப்பாளர் அந்த ஹேங்கருக்கென்றே அனுமதித்ததை வாங்குங்கள்.

ஆணியிலும் அளவு முக்கியம். தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் கேட்பது 3.76 அல்லது 4.1 மி.மீ. பருமனுள்ள தண்டு. பெட்டியின் மேல் '10டி' என்ற நீளக்குறியீடு இருந்தால் போதாது. அதே பெயரில் மெலிந்த தண்டுள்ள ஆணிகளும் விற்கப்படுவதால் நான் எப்போதும் அளந்தே பார்க்கிறேன். ஜாயிஸ்ட்டின் ஊடாகச் சாய்வாகச் சென்று உத்தரத்தைக் கவ்வவேண்டிய துளைகளில் ஒன்றரை அங்குலக் குட்டை ஆணியை அடிப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்த ஆணி உத்தரத்தைப் போதிய ஆழம் எட்டாது, எட்டாத ஆணி வெறும் அலங்காரம்.

துருவைப் பற்றியும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் 2003 இறுதியோடு வீட்டுக்கான மரங்களிலிருந்து அவை உளுத்துப்போகாமல் காக்க ஊட்டிய ஆர்சனிக் கலந்த மருந்து விலக்கப்பட்டு, செம்பு மிகுந்த மருந்துகள் அதன் இடத்தைப் பிடித்தன. அவை பளபளக்கும் மின்பூச்சு ஆணிகளை விரைவில் அரித்துவிடும். உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த ஆணி வேண்டும், அல்லது ஹேங்கர், ஆணி இரண்டுமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கவேண்டும். துத்தநாகப் பூச்சையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் கலக்காதீர்கள்.

வட்டத் துளைகள் எல்லாவற்றையும் நிரப்புங்கள். ஹேங்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் தகட்டுப் பற்களை ஆணிக் கணக்கில் சேர்க்காதீர்கள். தவறான ஸ்க்ரூ ஏற்கெனவே இருந்தால், முதலில் ஜாயிஸ்ட்டுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். பழைய துளையில் ஆணி ஆடினால் ஹேங்கரையே மாற்றிவிடுங்கள். இவை அனைத்தையும் தளப்பலகை மூடுவதற்கு முன்பே காட்டினால், சோதிக்க வருபவர் மண்ணில் ஊர்ந்து வரவேண்டியிராது.