பட்டன் தேயாமலே முடிந்துபோகும் டயர்

காருக்குப் பின்னால் கோர்த்து இழுத்துப் போகும், உள்ளே தங்கும் வசதியுள்ள பயண டிரெய்லருக்கு டயர் மாற்ற வேண்டுமா என்று பார்க்க, பலரும் குனிந்து பட்டனைத்தான், அதாவது தரையில் படும் ரப்பர் மேடுகளைத்தான், தடவிப் பார்ப்பார்கள். பட்டன் ஆழமாக இருக்கும். 'இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்' என்று நிமிர்ந்துவிடுவார்கள். டிரெய்லர் விஷயத்தில் இந்தக் கணக்கு பலிக்காது. வருடத்தில் சில வாரங்கள் ஓடிவிட்டு, மீதி நாளெல்லாம் நின்ற இடத்திலேயே பாரம் சுமக்கும் டயர் அது. மொட்டையாவதற்கு வெகு முன்பே உள்ளுக்குள் முடிந்துபோயிருக்கும்.

ரப்பருக்கு நின்றாலும் வயதாகும். காற்றிலுள்ள ஓசோன், இழுபட்டு நிற்கும் ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கிறது. பக்கச்சுவரில் மயிரிழை போல வெடிப்பு ஓடுவது அதனால்தான். இதற்குத் தடுப்பாக டயர் செய்யும்போதே ரப்பரில் மெழுகு கலப்பார்கள். டயர் உருண்டு, வளைந்து, நிமிரும்போது அந்த மெழுகு மெல்ல மேலே வந்து படலமாகப் படியும். நிறுத்தியே வைத்த டயரில் இது சரியாக நடப்பதில்லை. போதாததற்கு, உள்ளே அடைத்த காற்றின் ஆக்சிஜனும் ரப்பருக்குள் ஊடுருவி அதை இறுக வைக்கிறது.

இரண்டு அச்சு உள்ள டிரெய்லரை நெருக்கமான இடத்தில் பின்னால் திருப்பும்போது, யாரையாவது ஓட்டச் சொல்லிவிட்டு டயர்களை மட்டும் பாருங்கள். டயரின் அடி தரையைக் கவ்விக்கொண்டு நிற்கும், ரிம் பக்கவாட்டில் நகரும், பக்கச்சுவர் மடங்கிப் பிதுங்கும். முன் டயர் ஒரு பக்கம் என்றால் பின் டயர் எதிர்ப்பக்கம். இரண்டு அச்சுமே திரும்பாதவை, ஒரே வளைவில் இரண்டும் ஒழுங்காக உருள வழியில்லை. பட்டனுக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் எஃகுக் கம்பிப் பட்டைகளின் விளிம்பைத்தான் இந்த இழுபறி பதம் பார்க்கிறது. அந்த இடத்தில் ரப்பர் ஏற்கனவே இறுகியிருந்து, காற்றும் குறைவாக இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் டயர் அதிகமாக நசுங்கி நிமிரும். நசுங்கச் செலவான ஆற்றலில் ஒரு பங்கு திரும்பி வராது, சூடாகவே தங்கிவிடும். ஒரு கோடை நாளில் பட்டனோடு மேல்தோல் முழுவதும் உரிந்து, சக்கர மறைப்பையும் பிய்த்துக்கொண்டு போகும்.

சரி, புது டயர் வாங்கும்போது எதைப் பார்ப்பது? முதலில் வயது. டயரின் பக்கச்சுவரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களில் 2321 என்றிருந்தால், 2021ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்தது. முழுக் குறியீடு ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் போதும் என்பதால், மாட்டியிருக்கும் டயரில் அது உள்பக்கம் போயிருக்கலாம். டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்துத்தான் படிக்க வேண்டும்.

அடுத்தது பாரம். தண்ணீர், கேஸ், சாமான் எல்லாம் ஏற்றி எடை மேடையில் நிறுத்துங்கள், முடிந்தால் இடது வலது தனித்தனியாக. டிரெய்லருக்கென்றே வரும் எஸ்டி205/75ஆர்15 (ST205/75R15) அளவு டயரில், பாரம் தாங்கும் திறனை வைத்து எழுத்தால் வகை பிரித்திருப்பார்கள். 'சி' வகை டயர் ஒன்று 50 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் 825 கிலோ தாங்கும். 'டி' வகை 65 பிஎஸ்ஐயில் 975 கிலோ. அளவு ஒன்றுதான், கூடுதல் காற்றைத் தாங்கும் கட்டமைப்புதான் வித்தியாசம். 'டி' வாங்கி 50 மட்டும் அடித்தால், கொடுத்த கூடுதல் காசு வீண். ரிம்மும் வால்வும் அந்த அழுத்தத்துக்கு ஏற்றவையா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 80 பிஎஸ்ஐ வரை போகும் 'ஈ' வகைக்கு சாதாரண ரப்பர் வால்வு போதாது, அந்த அழுத்தத்தைத் தாங்கும் வால்வோ உலோக வால்வோ வேண்டும்.

காற்றை, வண்டி கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓடிச் சூடானதும் அழுத்தம் ஏறும். அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்குவது நானறிந்த வரையில் மிக அபாயமான கைவைத்தியம்.

கார் டயரைப் போடலாமா என்றால், வேண்டாம் என்பேன். அதன் பக்கச்சுவர் சொகுசுக்காக மென்மையாகச் செய்தது, பின்னால் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும்.

நான்கையும் மாற்றி முடித்ததும் ஸ்டெப்னியையும் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் அது கழற்றிப் போட்ட நான்கோடு சேர்ந்து வந்ததாகத்தான் இருக்கும், ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமல்.