6 பக்கமா, 42 பக்கமா?

ஆல்பர்ட் பண்டூரா, டேல் ஷங்க் என்ற இரண்டு உளவியலாளர்கள், 7 முதல் 10 வயதுவரை உள்ள 40 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வொன்றை 1981-இல் வெளியிட்டார்கள். எல்லோரும் கழித்தலில் பின்தங்கியவர்கள், கணக்கில் ஆர்வமும் இல்லாதவர்கள். பயிற்சித் தாள்கள் மொத்தம் 42 பக்கம். அவற்றைப் போட ஏழு அமர்வுகள். ஒரு குழுவிடம் “ஒவ்வொரு முறையும் 6 பக்கம் முடிக்கப் பாருங்கள்” என்றார்கள். இன்னொரு குழுவிடம் “ஏழாவது அமர்வு முடிவதற்குள் 42 பக்கத்தையும் முடிக்கப் பாருங்கள்” என்றார்கள். மூன்றாவது குழுவுக்குப் பயிற்சி மட்டும்தான், இலக்கு கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க, பயிற்சியே பெறாத ஒரு குழுவும் இருந்தது.

ஏழு ஆறு நாற்பத்திரண்டு. வேலை ஒன்றுதான். ஆனால் கடைசியில் 6 பக்கக் குழு கழித்தலில் தெளிவாக முந்தியது. 42 பக்கக் குழுவோ, இலக்கே இல்லாத குழுவைவிடச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் செய்துவிடவில்லை. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டாவது முடிவுதான். ‘ஆண்டு இறுதியில் நூற்றுக்கு நூறு’ என்று எட்டு வயதுப் பிள்ளையிடம் சொல்வது பெரும்பாலும் ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்குச் சமம்.

இலக்கு என்றால் பிள்ளையைப் பின்னாலிருந்து தள்ளும் விசை என்று நினைக்கிறோம். அது செய்யும் முக்கிய வேலை வேறு: ‘நான் முன்னேறுகிறேனா?’ என்ற கேள்விக்குப் பதில் தருகிறது. 6 பக்கம் என்றால் அரைமணி நேரத்திலேயே பதில் தெரிந்துவிடும். 42 என்றால், முதல் நாள் 5 பக்கம் முடித்த பிள்ளைக்கு அது நல்லதா, போதாதா என்றே தெரியாது. மீதி 37 பக்கம்தான் கண்ணில் நிற்கும்.

முடித்துப் பார்த்த அனுபவத்திலிருந்து ‘இது என்னால் முடியும்’ என்ற எண்ணம் பிறக்கிறது. இதைப் பண்டூரா தன்திறன் நம்பிக்கை என்றார். அதை அளந்த விதம் சுவாரசியமானது. கழித்தல் கணக்குகளை ஓரிரு நொடி மட்டும் காட்டுவார்கள். எவ்வளவு கடினம் என்று பார்க்க நேரம் இருக்கும், போட்டுப் பார்க்க இருக்காது. பிறகு, இந்த மாதிரிக் கணக்கை உன்னால் போட முடியும் என்று எவ்வளவு உறுதியாக நினைக்கிறாய் என்று கேட்பார்கள். இதிலும் 6 பக்கக் குழுதான் முன்னால். அப்புறம், கட்டாயம் எதுவும் இல்லாமல் கழித்தலையும் வேறொரு வேலையையும் முன்னால் வைத்து விருப்பப்பட்டதைச் செய்யச் சொன்னபோது, கழித்தலைத் தாங்களாகவே அதிகம் போட்டதும் அவர்கள்தான். ஆர்வம் வந்தால் கணக்கு வரும் என்று சொல்வதுண்டு; இங்கே கணக்கு வந்த இடத்தில் ஆர்வமும் வந்திருக்கிறது.

சரி, இலக்கைச் சின்னதாக வைத்தால் போதுமா? போதாது. 52−27 என்ற கணக்கை எடுத்துக்கொள்வோம். நிறையப் பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். அது கவனக்குறைவு அல்ல. ‘2-இல் 7 போகாது, அதனால் 7-இல் 2 போனால் 5’ என்று தானாகவே ஒரு விதி செய்துகொண்டு, எல்லாக் கணக்கிலும் அதையே ஒழுங்காகப் பின்பற்றுகிறது அந்தப் பிள்ளை. அதனிடம் ‘10 கணக்கு முடி’ என்றால் பத்தையும் தப்பாகவே போட்டு, இலக்கை எட்டிய திருப்தியோடு எழுந்துவிடும். தப்பு இன்னும் ஊறிப்போகும்.

அந்தப் பிள்ளைக்கு வைக்க வேண்டிய இலக்கு வேறு: ‘எந்தெந்தக் கணக்கில் கடன் வாங்க வேண்டும் என்று போடுவதற்கு முன்பே வட்டமிடு.’ அல்லது, ‘வந்த விடையோடு கழித்த எண்ணைக் கூட்டிப் பார்.’ 35-உம் 27-உம் 62. மேலே இருப்பது 52. யாரும் சிவப்பு மையால் அடிக்காமலே தப்பு தெரிந்துவிடுகிறது.

ஷங்க் 1996-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தைத்தான் தொட்டது. நான்காம் வகுப்புப் பிள்ளைகள், பின்னங்கள். சிலருக்குக் கணக்குகளைப் போட்டு முடிப்பது இலக்கு. சிலருக்கு எப்படிப் போடுவது என்று கற்றுக்கொள்வது இலக்கு. கற்றுக்கொள்ளும் இலக்கு பெற்றவர்கள் நன்றாகச் செய்தார்கள். போட்டு முடிக்கும் இலக்கு பெற்றவர்களும், தங்கள் திறமையைத் தாங்களே அடிக்கடி மதிப்பிட்டுப் பார்த்தபோது ஏறக்குறைய அதே அளவுக்கு வந்தார்கள். அந்த மதிப்பீடும் இல்லாமல், முடிப்பதை மட்டும் இலக்காகக் கொண்ட குழுதான் பின்தங்கியது.

இலக்கு ரொம்பவும் எளிதாகிவிட்டாலும் பயனில்லை; ஏற்கெனவே தெரிந்ததைத்தான் அது மறுபடி சொல்லும். இரண்டு இலக்கக் கழித்தல் தடுமாற்றமில்லாமல் வந்துவிட்டால், 402−178 போன்ற கணக்குக்குப் போகலாம். ஒன்றின் இடத்துக்குக் கடன் வேண்டும், பத்தின் இடத்தில் 0. அதுவே நூறின் இடத்தில் வாங்கித்தான் கொடுக்க வேண்டும். இங்கே ஒரு நாளைக்கு மூன்று கணக்கு போதும், மூன்றையும் கூட்டிச் சரிபார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.