வேலூர் கோட்டையும் காட்பாடி டிக்கெட்டும்

வேலூர் கோட்டையைச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் ஒரு பாதையை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். அக்னி நட்சத்திர மதியம். ஓரிடத்தில் கல் கொதிக்கிறது, ஓரிடத்தில் மர நிழல், ஓரிடத்தில் அகழிக் காற்று. ஆனாலும் இந்த நிமிஷத்தில் ஒரே வெப்பநிலை உள்ள இரண்டு இடங்கள், சுற்றில் சரிபாதி தூரம் தள்ளி எதிரெதிரே, கட்டாயம் இருக்கும். அளந்து பார்க்காமலே அடித்துச் சொல்லலாம்.

சொல்ல வைப்பது தொடர்ச்சி. பேச்சில் அதற்கு இடைவிடாமல் என்று அர்த்தம். கணிதம் கேட்பது வேறு: ஒன்றைத் துளி நகர்த்தினால் மற்றதும் துளிதான் நகருமா, இல்லை எகிறுமா? காட்பாடி டவுன் பஸ் நிற்காமலே ஓடினாலும் டிக்கெட் விலை ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் எகிறும். நடுவில் உள்ள தொகைக்கு டிக்கெட்டே கிடையாது. பயணம் தொடர்ச்சி, கட்டணம் அல்ல. (இலவசமாகப் போகும் பெண்களுக்குக் கட்டணமும் தொடர்ச்சியானதுதான். எங்கே இறங்கினாலும் பூஜ்யம்!)

பேனாவை எடுக்காமல் வரைய முடிந்தால் தொடர்ச்சி என்று பள்ளியில் சொல்வார்கள். அது முக்கால்வாசிதான் சரி. 1872இல் வயர்ஸ்ட்ராஸ் என்ற ஜெர்மன் கணித அறிஞர் காட்டிய சார்பு (ஒன்றைக் கொடுத்தால் மற்றொன்றைத் தரும் விதி, function) எங்கும் எகிறாது, ஆனால் எந்தப் புள்ளியிலும் தொடுகோடு போட முடியாத அளவுக்கு முள்ளும் முரடுமானது. அதை எந்தப் பேனாவால் வரைவது?

சரி, கோட்டைக்கு வருவோம். நிற்கும் இடத்தின் வெப்பநிலையிலிருந்து எதிர் இடத்தின் வெப்பநிலையைக் கழியுங்கள். விடை 2 டிகிரி என்று வையுங்கள். பாதிச் சுற்று நடந்து, அந்த எதிர் இடத்திலிருந்து கழித்தால் -2 வரும், இடம்தானே மாறியது. வெப்பநிலை எகிறாமல் மாறுவதால் வித்தியாசமும் அப்படித்தான் மாறும். 2இலிருந்து -2க்குப் போகிற வழியில் பூஜ்யத்தைத் தாண்டாமல் தப்ப முடியாது. வித்தியாசம் பூஜ்யம் என்றால் இரண்டு இடமும் சமம். 'இது தெரிந்ததுதானே' என்று பலர் விட்டிருந்த இந்த 'தப்ப முடியாது' என்பதற்கு, 1817இல் போல்சானோ என்ற கணித அறிஞர் நிரூபணம் தேடினார்.

வெப்பநிலைக்குப் பதில் வெயில் என்றால் 1, நிழல் என்றால் 0 என்று எழுதிப் பாருங்கள். சுற்றில் ஒரு பாதி முழுக்க வெயில், மறுபாதி முழுக்க நிழல் என்றால், எதிரெதிர் ஜோடி ஒன்றுகூட ஒத்துப்போகாது. 1இலிருந்து 0க்கு நடுவே எதுவும் இல்லாமல் எகிறுகிறதே, தொடர்ச்சி இல்லை.