சிவில் ரிலிஜன்: மதமா, சமயமா?

அமெரிக்க அரசியல் பற்றிய ஒரு தமிழாக்கத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் 'உரிமையியல் மதம்' என்று ஒரு சொல். கொஞ்ச நேரம் விழித்த பிறகுதான் மூலத்தில் 'சிவில் ரிலிஜன்' என்று இருந்திருக்கும் எனப் பிடிபட்டது. மொழிபெயர்த்தவர் மேல் குறை சொல்லவும் மனம் வரவில்லை. சிவில் கோர்ட் நம்மிடம் உரிமையியல் நீதிமன்றம்தானே? சிவில் வார் என்பதை மனத்தில் வைத்திருந்தால் 'உள்நாட்டு மதம்' என்று போட்டிருப்பார்.

இந்த 'சிவில்' தமிழில் ஒரே வீட்டில் குடியிருந்ததில்லை. கோர்ட்டுக்குப் போனால் உரிமையியல், போருக்குப் போனால் உள்நாடு, ஐ.ஏ.எஸ். எழுதினால் குடிமைப் பணி, ரேஷன் கடைக்குப் போனால் குடிமைப்பொருள். காந்தியின் சிவில் டிஸ்ஒபீடியன்ஸ் 'சட்ட மறுப்பு' ஆனபோது சிவில் என்ற பாதியே காணாமல் போனது. பொது சிவில் சட்டத்தில் யாரும் அதைத் தொடவேயில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். இத்தனைக்கும் வேர் ஒன்றுதான்: லத்தீனில் குடிமகனைக் குறிக்கும் 'கீவிஸ்'. அதிலிருந்து 'கீவீலிஸ்', குடிமக்களைச் சார்ந்தது.

அப்படியானால் குடிமக்களைச் சார்ந்த ரிலிஜன் எது? ஒரு நாடு தன்னைப் பற்றியே வைத்திருக்கும் பக்தி என்று சொல்லலாம். அதற்குப் புனித நூல்கள் உண்டு. ஆனால் அவை விடுதலைப் பிரகடனமும் அரசியல் சட்டமும். தியாகிகள், யாத்திரைத் தலங்கள், திருநாள்கள் எல்லாம் உண்டு. கடவுளும் உண்டு. ஆனால் அந்தக் கடவுள் எந்தத் திருச்சபையின் கடவுள் என்று கேட்டால் பதில் வராது. கேட்காமல் இருப்பதுதான் அதன் மரபு.

சொல்லைப் பிறப்பித்தவர் தத்துவ அறிஞர் ரூசோ. 1762-இல் வெளிவந்த 'சமூக ஒப்பந்தம்' நூலின் கடைசிப் பகுதியில் இது வருகிறது. நாடு நிலைக்க வேண்டுமானால் குடிமக்கள் சில எளிய கொள்கைகளையாவது பொதுவாக ஏற்க வேண்டும் என்றார்: வல்லமையும் அறிவும் உள்ள ஒரு கடவுள், மறுமை, நல்லோர்க்கு நன்மை, தீயோர்க்குத் தண்டனை, ஒப்பந்தமும் சட்டமும் புனிதமானவை என்ற எண்ணம். விலக்க வேண்டியது ஒன்றே ஒன்று, பிற சமயத்தைப் பொறுக்காமை. இவ்வளவு சாந்தமாகப் பேசிவிட்டு, இவற்றை ஏற்பதாகச் சொல்லிவிட்டு ஏற்காதவன்போல் நடப்பவனுக்கு மரண தண்டனை என்றும் எழுதிவைத்தார். அந்த நூலை அதே ஆண்டில் அவர் பிறந்த ஜெனீவாவிலேயே எரித்தார்கள்.

அதன் பிறகு இச்சொல் ஏறக்குறைய 200 ஆண்டுகள் அறிஞர்களின் அலமாரியில் கிடந்தது. 1967-இல் ராபர்ட் பெல்லா என்ற சமூகவியலாளர் 'டீடலஸ்' இதழில் எழுதிய 'அமெரிக்காவில் சிவில் ரிலிஜன்' என்ற கட்டுரைதான் அதைத் தூசி தட்டி அமெரிக்காவுக்குச் சூட்டியது. அவர் எடுத்துக்கொண்ட சான்று, 1961-இல் கென்னடி அதிபராகப் பதவியேற்றபோது ஆற்றிய உரை. கென்னடி கத்தோலிக்கர், அந்தப் பதவிக்கு வந்த முதல் கத்தோலிக்கர். ஆனால் உரையில் கத்தோலிக்கத்தின் வாடையே இல்லை. மூன்று இடங்களில் கடவுள் வருகிறார், இயேசு ஓரிடத்திலும் இல்லை. வாஷிங்டன், ஆடம்ஸ், ஜெஃபர்சன் உரைகளிலும் அப்படித்தான் என்று பெல்லா சுட்டிக்காட்டினார்.

இதில் வியப்பு என்னவென்றால், அமெரிக்க அரசியல் சட்டத்தில் கடவுள் இல்லை. கடைசியில் தேதி போடும் இடத்தில் 'நம் ஆண்டவரின் ஆண்டு' என்று அக்கால எழுத்து வழக்கம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. எந்தப் பதவிக்கும் மதத் தகுதி கேட்கக் கூடாது என்கிறது ஆறாவது பிரிவு. நாடாளுமன்றம் எந்த மதத்தையும் நிறுவக் கூடாது, வழிபாட்டைத் தடுக்கவும் கூடாது என்கிறது 1791-இன் முதல் திருத்தம். 1797-இல் வட ஆப்பிரிக்காவின் திரிப்போலியுடன் செய்த உடன்படிக்கை இன்னும் பச்சையாக, அமெரிக்க அரசு எவ்வகையிலும் கிறிஸ்தவ மதத்தின் மேல் நிறுவப்பட்டதல்ல என்றது. அதற்கு செனட்டில் ஒரு வாக்குகூட எதிராக விழவில்லை. ஆக, கடவுள் வாசல் வழியாக வரவில்லை. பிறகு எப்படி வந்தார்?

டாலர் தாளைப் பாருங்கள். அதிலுள்ள 'இன் காட் வி டிரஸ்ட்' என்பதை நம் செய்தித்தாள்கள் 'கடவுளை நம்புகிறோம்' என்று எழுதுகின்றன. தப்பில்லை, ஆனால் உயிர் இல்லை. நம் தாத்தாக்கள் கடிதத் தலைப்பிலும் கணக்கு நோட்டிலும் எழுதிய 'கடவுள் துணை'தான் அது.

1861 நவம்பரில், உள்நாட்டுப் போர் தொடங்கிய சில மாதங்களில், பென்சில்வேனியாவிலிருந்து வாட்கின்சன் என்ற போதகர் கருவூலச் செயலர் சேஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். நம் நாணயத்தில் கடவுள் பெயர் இல்லையே, பிற்கால ஆய்வாளர்கள் நம்மைக் கடவுளறியாத கூட்டம் என்று முடிவு கட்டிவிட மாட்டார்களா என்பது அவர் கவலை. மண்ணைத் தோண்டிக் காசெடுத்து மன்னர்களின் காலம் கணிப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்தக் கவலை புரியும். சேஸுக்கும் புரிந்தது. 1864-இல் இரண்டு சென்ட் நாணயத்தில் அந்த வாசகம் முதன்முதலாக ஏறியது. 1907-இல் அதிபர் தியடோர் ரூசவெல்ட், கடவுள் பெயரைக் காசில் அடிப்பது தெய்வ நிந்தனை என்று புதிய தங்க நாணயங்களிலிருந்து நீக்கிப் பார்த்தார். நாத்திகத்தால் அல்ல, பக்தியால். மறு ஆண்டே நாடாளுமன்றம் திரும்பப் போட்டுவிட்டது. 1956-இல் அது நாட்டின் முழக்கமாகச் சட்டமாயிற்று; மறு ஆண்டு காகிதப் பணத்திலும் ஏறியது.

அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் கொடியைப் பார்த்துச் சொல்லும் உறுதிமொழியின் கதை இதைவிடச் சுவையானது. 1892-இல் அதை எழுதிய ஃபிரான்சிஸ் பெல்லமி ஒரு பாப்டிஸ்ட் போதகர். போதகர் எழுதியதில் கடவுள் இல்லை! 1954 பிப்ரவரியில் வாஷிங்டனில், ஒருகாலத்தில் லிங்கன் வழிபட்டுவந்த ஆலயத்தில், அதிபர் ஐசனோவர் அமர்ந்திருக்க டாக்கர்ட்டி என்ற போதகர் பிரசங்கம் செய்தார். அவர் ஸ்காட்லாந்துக்காரர். இந்த உறுதிமொழியை மாஸ்கோப் பிள்ளைகளும் தங்கள் கொடிக்கு அப்படியே சொல்லலாமே, நமக்கென்று என்ன இருக்கிறது என்று கேட்டார். லிங்கன் தம் கெட்டிஸ்பர்க் உரையில் சொன்ன 'அண்டர் காட்' (கடவுளின் கீழ்) என்பதைச் சேர்க்கச் சொன்னார். ஜூன் 14, கொடி நாள் அன்று ஐசனோவர் கையெழுத்திட்டுச் சேர்த்தார். இதே ஜூன் 14-இல், சரியாகப் பதினொரு ஆண்டு முன்னர், 1943-இல், யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வீட்டுப் பிள்ளைகளைக் கொடிக்கு வணக்கம் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. கொடி வணக்கம் தங்கள் கடவுளுக்குச் செய்யும் துரோகம் என்பது அந்தக் குடும்பங்களின் வாதம். நாட்டுப் பற்று மட்டுமே என்று மற்றவர்கள் நினைத்ததில் வழிபாட்டின் சாயலை முதலில் அடையாளம் கண்டது அவர்கள்தான்.

ஐசனோவரே இந்தச் சொல்லுக்கு ஒரு நடமாடும் விளக்கம். நம் ஆட்சிமுறை ஆழ்ந்த மத நம்பிக்கை மேல் நிற்காவிட்டால் அதற்குப் பொருளில்லை, அது எந்த நம்பிக்கை என்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை என்று 1952 டிசம்பரில் பேசினார். பதவியேற்ற பன்னிரண்டாம் நாள் ஞானஸ்நானம் பெற்றார். அந்த 'எனக்குக் கவலையில்லை' என்பதில்தான் சிவில் ரிலிஜன் முழுதும் அடங்கியிருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதை 'அரசு மதம்' என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது. அரசு மதத்துக்குச் சட்டமும் கோயிலும் குருவும் உண்டு. இதற்கு அவை இல்லை. 'கிறிஸ்தவத் தேசியவாதம்' என்று இன்று பேசப்படுவதும் வேறு. அது நாடே கிறிஸ்தவர்களுடையது என்கிறது. இது கடவுளின் முகவரியை வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறது. இரண்டுக்கும் நடுவே சுவர் மெல்லியது, அடிக்கடி இடிபடுகிறது என்பதும் உண்மை.

இன்னொரு தவறான எண்ணம், சிவில் ரிலிஜன் என்றால் வெறும் தற்புகழ்ச்சி என்பது. 1852 ஜூலை 5 அன்று ராச்செஸ்டரில், அடிமைத் தளையிலிருந்து தப்பிவந்த ஃபிரெடரிக் டக்ளஸ், உங்கள் விடுதலை நாளான ஜூலை நான்கு அடிமைக்கு என்ன என்று கேட்டார். அடிமைமுறைக்குத் துணை நின்ற திருச்சபைகளை வறுத்தெடுத்தார். ஆனால் அவர் கையில் எடுத்த ஆயுதம் அதே விடுதலைப் பிரகடனம்தான். எந்தத் திருச்சபையிலும் உறுப்பினராகாத லிங்கன் 1865 மார்ச் 4 அன்று, உள்நாட்டுப் போரில் மோதும் இரு தரப்பும் ஒரே வேதத்தை வாசிக்கிறார்கள், ஒரே கடவுளிடம் வேண்டுகிறார்கள், ஒருவருக்கு எதிராக இன்னொருவர் அவர் துணையைக் கேட்கிறார்கள் என்றார். கடவுள் நம் பக்கம் என்று அவர் சொல்லவில்லை. அடிமைமுறைக்காக இரு தரப்புக்கும் வந்த தண்டனையாக இப்போர் இருக்கலாம் என்றார். ஆறு வாரத்தில் பெரிய வெள்ளி இரவில் சுடப்பட்டார். அந்த நாளில் சுடப்பட்டதால் சிவில் ரிலிஜனுக்கு ஒரு தியாகி கிடைத்தார். இன்றும் அவருடைய நினைவகத்தில், சிலைக்குப் பின்னாலுள்ள கல்வெட்டு அந்தக் கட்டடத்தைக் கோயில் என்றே அழைக்கிறது. 1963-இல் மார்ட்டின் லூதர் கிங் வந்து நின்ற படிகள் அந்தக் கோயிலின் படிகள்.

சரி, ரிலிஜனைத் தமிழில் மதம் என்பதா, சமயம் என்பதா? லத்தீன் 'ரெலிகியோ'வுக்கே இரண்டு வேர் சொல்கிறார்கள். திரும்பத் திரும்ப ஓதுவது என்றார் ரோமானியரான சிசரோ. கட்டுவது, பிணைப்பது என்றார் கிறிஸ்தவரான லக்டான்டியஸ். தமிழில் மதம் என்பது வடமொழியில் கருத்து, கொள்கை என்ற பொருளில் வந்த சொல். சம்மதத்தில் இருப்பதும் அதுதான். யானைக்குப் பிடிக்கும் மதம் வேறு சொல், தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன; அது நம் மேடைப் பேச்சாளர்களுக்கு வாய்ப்பாகிவிட்டது. எப்படியும் மதம் என்றாலே 'நீங்க என்ன மதம்?' என்ற கேள்வியும், விண்ணப்பப் படிவத்தில் நிரப்ப ஒரு கட்டமும் கூடவே வருகின்றன. சிவில் ரிலிஜன் என்று அந்தக் கட்டத்தில் எந்த அமெரிக்கரும் எழுதமாட்டார்.

சமயம் அப்படியல்ல. மணிமேகலையின் சமயக்கணக்கர் காலம் தொட்டு நெறி என்ற பொருள் அதற்கு உண்டு. 'சமயத்தில் வந்து உதவினார்' என்னும்போது தருணம் என்ற பொருளும் உண்டு. வடமொழி மூலத்தில் மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது: உடன்பாடு, ஒப்பந்தம். மூன்றும் இங்கே பொருந்துவதைப் பாருங்கள். அமெரிக்கரின் இந்தப் பக்தி அன்றாடம் வெளியே தெரிவதில்லை. பதவியேற்பு, போர், தலைவரின் இறுதிச் சடங்கு, நவம்பரில் நன்றி நவிலும் நாள் என்று தருணங்களில்தான் தலைகாட்டும்.

ஒப்பந்தமோ இந்தக் கதையின் தொடக்கத்திலேயே இருக்கிறது. 1630-இல் மாசசூசெட்சுக்குக் குடியேற வந்தவர்களிடம் அவர்களின் தலைவர் ஜான் வின்த்ரப், நாம் கடவுளோடு உடன்படிக்கை செய்திருக்கிறோம், நாம் மலைமேல் இருக்கும் பட்டணம் என்றார். 'மலையின்மேல் இருக்கிற பட்டணம் மறைந்திருக்கமாட்டாது' என்று தமிழ் வேதாகமத்தின் மத்தேயுவில் வாசிக்கிறோமே, அதேதான். அவர் சொன்னது பெருமை அல்ல, மிரட்டல்: உடன்படிக்கையை மீறினால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும். அந்த உரை 1838 வரை அச்சேறவே இல்லை. கென்னடியும் ரீகனும் எடுத்தாண்ட பிறகுதான் ஊரறிந்தது. அதற்குள் மிரட்டல் மறைந்து பெருமை மட்டும் மிஞ்சிவிட்டது. 1975-இல் வியட்நாம் போர் முடிந்த ஆண்டில் பெல்லா தம் நூலுக்கு வைத்த பெயரே 'உடைந்த உடன்படிக்கை'. அமெரிக்க சிவில் ரிலிஜன் உள்ளீடற்ற உடைந்த ஓடாகிவிட்டது என்று அதில் எழுதினார்.

ஆகவே சமயம் என்பதில் எனக்குத் தயக்கமில்லை. முன்பாதிக்குக் 'குடிமை' என்பேன். இதில் மட்டும் கொஞ்சம் உறுத்தல் உண்டு. குறளின் 'குடிமை' அதிகாரம் குடிமக்களைப் பற்றியதல்ல, நற்குடிப் பிறப்பைப் பற்றியது. யாழ்ப்பாணத்தில் குடிமை என்றால் சாதிவழி ஊழியம். அந்த நினைவு உள்ளவர்களுக்குக் 'குடிமைச் சமயம்' கசக்கும். இலங்கைச் சட்டத் தமிழில் சிவிலுக்குக் 'குடியியல்' நிலைத்திருப்பதால், அங்கே எழுதுவோர் 'குடியியல் சமயம்' என்றால் சரியாகவே இருக்கும். தமிழ்நாட்டில் குடிமைப் பணியும் குடிமைப்பொருளும் பழகிவிட்டதால் 'குடிமைச் சமயம்' போதும். முதல்முறை வரும் இடத்தில் 'சிவில் ரிலிஜன் எனப்படும் குடிமைச் சமயம்' என்று எழுதிவிட்டு, பிறகு தமிழ்ச் சொல்லை மட்டும் ஆளலாம்.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு சோடிக்கு நாம் சொல் தேடவே வேண்டாம். அமெரிக்க அதிபர் பதவியேற்கையில் ஆணையிடலாம், அல்லது ஆணையிடாமல் உறுதி மட்டும் கூறலாம் என்று அரசியல் சட்டம் இரண்டு வழி தருகிறது. 1853-இல் ஃபிராங்க்ளின் பியர்ஸ் உறுதிதான் கூறினார். கடைசியில் வரும் 'கடவுள் துணைபுரிவாராக' சட்டத்தில் இல்லாத, வழக்கத்தால் வந்த ஒட்டு. அங்கே குடியுரிமை பெறுகிறவர்களின் உறுதிமொழியில் அந்த வாசகம் உண்டு. வேண்டாதவர் கேட்டுக்கொண்டால் விட்டுவிடலாம். நம் சட்டமன்றத்தில் இதற்கான சொற்கள் எப்போதோ தயாராகிவிட்டன: 'கடவுளறிய', 'உளமார'.