உற்பத்தித்திறன்: எதற்கு எவ்வளவு?

சென்னை ஆண்டர்சன் தெருக் காகிதக் கடைகளில் ஆலைப் பேச்சு வந்தால் “கெப்பாசிட்டி எவ்ளோ?” என்றுதான் கேட்பார்கள். நாளிதழ் அதையே “ஆண்டு உற்பத்தித் திறன் இத்தனை லட்சம் டன்” என்று எழுதும். குழப்பம் அங்கேதான். அது கொள்திறன், ஆலை முழுவீச்சில் ஓடினால் தரக்கூடிய அளவு. உற்பத்தித்திறன் (புரொடக்டிவிட்டி) வேறு. ஓர் ஆளுக்கு, ஒரு மணி நேரத்துக்கு, ஒரு டன் மூங்கிலுக்கு, ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு என்று ஏதாவது ஒன்றால் வகுத்தால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள் வரும்.

‘உற்பத்தி’ வடமொழி ‘உத்பத்தி’யிலிருந்து வந்தது; தோன்றுதல் என்பது மூலப் பொருள். தலைக்காவிரியில் ஆறு உற்பத்தியாவதும் பக்கிங்காம் கால்வாயில் கொசு உற்பத்தியாவதும் அந்தப் பழைய பொருளில்தான். ‘புரொடக்டிவிட்டி’யின் இலத்தீன் வேருக்கு ‘முன்னே கொண்டுவருதல்’ என்று பொருள்.

தனித்தமிழில் ‘ஆக்கத்திறன்’ என்றால் பலருக்குக் கவிதை எழுதும் திறமைதான் நினைவுக்கு வரும். ‘விளைதிறன்’ நல்ல சொல். ஆனால் இலங்கைத் தமிழில் அது நினைத்த பயனை எட்டும் தன்மையைக் குறிக்கிறது, வீணின்றிச் செய்வது ‘வினைத்திறன்’. புரொடக்டிவிட்டிக்கு அங்கும் உற்பத்தித்திறன்தான். இரு கரையிலும் புரிகிற சொல்லை மாற்றுவானேன்? கெப்பாசிட்டிக்கு அதைக் கடன் கொடுக்காமல் இருந்தால் போதும்.

அண்டை நாட்டு ஆலைகளை ஒப்பிடும்போது வகுக்கும் எண்தான் வம்பு. கரூர் புகளூர் ஆலைக்குக் கரும்புச் சக்கை. வங்கதேசத்தின் கர்ணபுலி ஆலைக்கு முன்பு மூங்கில். இலங்கையின் வாழைச்சேனை ஆலைக்கு முன்பு வைக்கோல். வைக்கோல் கூழில் தண்ணீர் மெல்லத்தான் வடியும். இயந்திர வேகத்தைக் குறைத்தாக வேண்டும். அதிலுள்ள சிலிக்கா, கூழ் காய்ச்சிய கரிய நீரைச் சுண்டவைக்கும் கலன்களில் ஓடாகப் படிந்து, காய்ச்சச் சேர்த்த காரத்தை மீட்க விடாது. இதற்கு ஆளைக் குறை சொல்லிப் பயனில்லை. கூழை விலைக்கு வாங்கி ஓட்டும் ஆலைக்கோ கூழ்ப் பிரிவே கிடையாது. ஆள் கணக்கில் அது தானாக முந்திவிடும்.

டன் கணக்கும் ஏமாற்றும். 3 மீட்டர் அகலம், நிமிடத்துக்கு 600 மீட்டர் வேகம், 60 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 60 கிராம்) தாள் என்றால் மணிக்கு 6.48 டன். அதே வேகத்தில் 80 ஜிஎஸ்எம் ஓட்டினால் 8.64 டன். (உலர்த்தும் உருளைகள் ஈடுகொடுத்தால்தான் அந்த வேகம் நிற்கும்.) ஆளும் இயந்திரமும் மாறவில்லை. வெட்டுக் கழிவைக் கழிக்காமல் பார்த்தால் இரண்டிலும் மணிக்குச் சுமார் 3,460 ஏ4 ரீம் (500 தாள் கட்டு)தான். மீன்பாடி வண்டியில் ஏற்றும்போது கனம்தான் வேறு.