பிட்மன் ஆர்ம்: மரம் அறுத்த குழியிலிருந்து வந்த பெயர்

பழைய வில்லிஸ் ஜீப்பின் ஸ்டியரிங் பெட்டியைக் கழற்ற முனைபவரை முதலில் மறிப்பது பிட்மன் ஆர்ம். பெட்டியிலிருந்து வெளியே நீளும் தண்டின் முனையில், நுண்பற்களில் கவ்வி, பெரிய நட்டால் இறுக்கப்பட்டிருக்கும் இரும்புக் கை அது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் தண்டு சிறிது உருளும், கை முன்னும் பின்னும் வீசும். அதன் மறுமுனையில் கோத்திருக்கும் டிராக் லிங்க் என்ற நீண்ட கம்பி அந்த வீச்சை முன் அச்சுக்குக் கொண்டுபோகும்.

பிட்மன் என்றதும் யாரோ ஒரு பொறியாளரின் பெயர் என்று நினைக்கத் தோன்றும். நம் ஊர்த் தட்டச்சுப் பயிலகங்களின் வழியே அறிமுகமான, சுருக்கெழுத்து முறை தந்த ஐசக் பிட்மனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது ஆள்பெயரே அல்ல, தொழிற்பெயர். இங்கிலாந்தில் எந்திர ரம்பம் வருவதற்கு முன், பெரிய மரத்தைக் குழியின் மேல் கிடத்தி இருவர் அறுப்பார்கள். மேலே நிற்பவர் கோடு பார்த்து ரம்பத்தை நடத்துவார். குழிக்குள் நிற்பவர், தலையிலும் கண்ணிலும் மரத்தூள் கொட்டக் கொட்ட, அதைக் கீழே இழுப்பார். குழிக்குள் நின்ற அந்த மனிதர்தான் பிட்மன்.

நீர்ச்சக்கரத்தால் ஓடும் ரம்ப ஆலைகள் வந்தபோது அவருடைய இழுப்பை ஒரு கம்பி ஏற்றுக்கொண்டது. சக்கரத்தின் சுழற்சியை ரம்பத்தின் ஏற்ற இறக்கமாக மாற்றிய அந்த இணைப்புக் கம்பிக்கும் பிட்மன் என்ற பெயரே நின்றது. குழியாளின் உழைப்பு போய்விட்ட பிறகும் அவர் பெயர் இப்படி இரும்பில் தங்கியது என்னை நெகிழச் செய்கிறது. அமெரிக்காவில் அந்தச் சொல் நெடுந்தூரம் நடந்தது. எண்ணெய்க் கிணற்றுப் பம்புகளிலும், கால்மிதித் தையல் எந்திரத்தில் மிதியையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பியிலும் அது உண்டு. ஸ்டியரிங்கில் சுழற்சியை முன்பின் அசைவாக்கும் கைக்கு வந்ததும் அந்த வழியில்தான். கண்டிப்பாகப் பார்த்தால் இங்கே குழியாளின் வேலையைச் செய்வது டிராக் லிங்க் கம்பி, கை அதைத் தள்ளி இழுக்கிறது.

வில்லிஸ் ஜீப்பின் பெட்டி ராஸ் வகை. ஸ்டியரிங் தண்டின் அடியில் கேம் எனப்படும், திருகுப் பள்ளம் வெட்டிய உருளை இருக்கும். வெளித்தண்டோடு சேர்ந்த நெம்புகோலின் இரு கூம்பு முளைகள் அந்தப் பள்ளத்தில் ஓடும். சக்கரங்கள் நேராக நிற்கும் நிலையில் பள்ளத்தின் ஆழம் வேண்டுமென்றே குறைவாக வெட்டப்பட்டிருக்கும். வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் தேய்மானம் அங்கேதான் அதிகம். தேய்ந்த பிறகு மூடியிலுள்ள திருகை இறுக்கி ஆட்டத்தைக் குறைக்கலாம், பள்ளம் ஆழமான ஓரங்களில் முளைகள் இறுகிச் சிக்காது. சக்கரங்களைத் திருப்பி வைத்துக்கொண்டு இறுக்கினால், நேர்நிலைக்கு வரும்போது பெட்டி இறுகிச் சிக்கிக்கொள்ளும்.

கை கூம்பான தண்டில் இறுகியிருப்பதால் நட்டை எடுத்தாலும் வராது. புல்லர் என்ற இழுப்புக் கருவி கொண்டு இழுக்க வேண்டும். சுத்தியலால் தண்டின் முனையில் அடித்தால் அந்த அடி உள்ளே முளைகளுக்கும் பள்ளத்துக்கும் போகும். எத்தனை அவசரமானாலும் இதை மட்டும் செய்யக் கூடாது. கழற்றும் முன் கைக்கும் தண்டுக்கும் குறுக்கே ஒரு குறியிட வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும், சக்கரங்கள் நேராக நிற்கும்போது முளைகள் பள்ளத்தின் நடுவில் இருக்காது.

இனி இந்தக் கைக்குத் தமிழ்ப் பெயர். சொல்லுக்குச் சொல் ‘குழியாள் கரம்’ என்றால் யாருக்கும் எதுவும் விளங்காது. பிரிட்டனில் இதைத் தொங்கும் கை என்ற பொருளில் டிராப் ஆர்ம் என்பார்கள். அந்த வழியில் ‘தொங்குகரம்’ எனலாம், ஜீப்புக்கு அது பொருந்தும். ஆனால் வெளித்தண்டு செங்குத்தாக இறங்கும் பல வண்டிகளில் கை கிடையாகவே வீசும். ‘திருப்புகரம்’ அழகான சொல்தான், ஆனால் சக்கரக் குடத்தருகே இருக்கும் ஸ்டியரிங் ஆர்முக்கு அதுவே உரியது. இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால் பழுது பார்ப்பவர் தடுமாறுவார்.

எனவே ‘பெட்டிக்கரம்’ என்பதையே நான் ஏற்கிறேன். எந்த வண்டியானாலும் அது ஸ்டியரிங் பெட்டியிலிருந்துதான் புறப்படுகிறது. டிராக் லிங்க்குக்கு ‘இழுதண்டு’ போதும். “பெட்டிக்கரத்தைக் கழற்றும் முன் குறியிடுக, பிறகு இழுதண்டைப் பிரிக்குக” என்று எழுதினால், வண்டிக்கு அடியில் படுத்திருப்பவர் எந்த இரும்பில் கை வைக்க வேண்டும் என்று உடனே அறிவார்.