வாய்க்காலில் தண்ணீர் ஓடியும் வயலுக்கு ஏறாதபோது: கழற்றி எடுக்கும் தடுப்புகளைப் பற்றி

காவிரிப் படுகையின் கடைமடைப் பகுதிகளில் வேளாண் பொறியாளராகப் பணியாற்றும் எவரும் ஒவ்வொரு பாசனப் பருவத்திலும் கேட்கும் முறையீடு ஒன்று உண்டு: "வாய்க்கால்ல தண்ணி ஓடுது, வயலுக்குத்தான் ஏற மாட்டேங்குது." தண்ணீரே வரவில்லை என்ற முறையீட்டிலிருந்து இது வேறுபட்டது. வந்த தண்ணீர், வயல் மடையின் அடிமட்டத்தைத் தொடாமல் அதற்கு நான்கு விரற்கடை கீழே ஓடிக்கொண்டிருக்கிறது என்பதே இதன் பொருள். இங்கே குறைவது நீரின் அளவைவிட நீரின் மட்டமே. ஆயினும் பெரும்பாலோர் இதற்குத் தீர்வாகக் கூடுதல் தண்ணீரைக் கேட்கிறார்கள், அது கிடைக்காதபோது ஆயில் என்ஜினை வாடகைக்கு எடுத்து, காலடியில் ஓடும் தண்ணீரையே டீசல் செலவழித்து இறைக்கிறார்கள்.

மட்டம் குறைவதற்குக் காரணங்கள் பல. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி, வழக்கமான திறப்பு நாள் ஜூன் 12. அணையில் இருப்பு குறைவாக உள்ள ஆண்டுகளில் கல்லணைக்குக் கீழே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் ஆகியவற்றுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடும்போது, முழு அளவு நீரை எண்ணி வெட்டப்பட்ட வாய்க்காலில் பாதி அளவே ஓடும். அதன் மட்டமும் அதற்கேற்பத் தாழ்ந்தே நிற்கும். இது ஒன்று. ஆண்டுதோறும் கோடையில் சி, டி பிரிவு எனப்படும் சிறு கிளை வாய்க்கால்களைப் பொக்லைன் கொண்டு தூர் வாரும்போது, படிந்த வண்டலை மட்டும் எடுக்காமல் பழைய தரைமட்டத்துக்கும் கீழே அரை அடி, ஒரு அடி என்று தோண்டிவிடுவது இன்னொன்று. ஆழமாக வெட்டினால் நிறையத் தண்ணீர் வரும் என்ற நம்பிக்கை மக்களிடம் வலுவாக இருக்கிறது. ஆனால் வாய்க்காலின் தரை தாழ்ந்தால் தண்ணீரும் அதனுடன் சேர்ந்து தாழும், வயல் மட்டுமே பழைய உயரத்தில் நிற்கும். ஆற்றிலும் இதே கதைதான். மணல் அள்ளி அள்ளி ஆற்றின் படுகை இறங்கிய இடங்களில், ஆற்றிலிருந்து நேரடியாகப் பிரியும் வாய்க்கால்களின் தலைப்பு, அதாவது தொடக்க வாய், உயரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அங்கெல்லாம் ஆற்று மணலைக் குவித்தும் மணல் மூட்டைகளை அடுக்கியும் கொரம்பு போட்டு, தண்ணீரை வாய்க்காலுக்குத் திருப்புவது நெடுங்கால வழக்கம். கொரம்பு ஆற்றின் அளவுக்குரியது. நான் இங்கே எழுத விரும்புவது அதனினும் மிகச் சிறிய, இரண்டு பேர் தோளில் தூக்கிச் சென்று வயல் வாய்க்காலில் வைத்து, முறை முடிந்ததும் எடுத்துவிடக்கூடிய தடுப்புகளைப் பற்றி.

சில அங்குல உயரம் எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. வாய்க்கால் கரையில் 4 அங்குல பிவிசி குழாய் பதித்த மடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். குழாய் முழுவதும் மூழ்கியிருக்க, வாய்க்கால் நீர்மட்டத்துக்கும் வயல் நீர்மட்டத்துக்கும் இடையே 5 சென்டிமீட்டர் வேறுபாடு இருந்தால், அதன் வழியே வினாடிக்கு ஏறக்குறைய 5 லிட்டர் பாயும். அந்த வேறுபாட்டை 20 சென்டிமீட்டராக உயர்த்தினால் ஏறக்குறைய 10 லிட்டர் பாயும். ஏனெனில் குழாய் வழி ஓட்டம் மட்ட வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது. ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிறுத்த இரண்டு லட்சம் லிட்டர் வேண்டும். கசிவை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், முதல் நிலையில் அதற்குப் பதினோரு மணி நேரம் ஆகும், இரண்டாவது நிலையில் ஐந்தரை மணி நேரம் போதும். தமக்குரிய முறை ஓர் இரவுதான் என்று இருக்கும் விவசாயிக்கு இது பயிர் நனைவதற்கும் பாதி வயல் காய்ந்து கிடப்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு.

இந்த உயரத்தைப் பெறுவதற்கு நம்மிடம் வழக்கத்தில் உள்ள வழி, கரையிலிருந்தே மண்ணை வெட்டி வாய்க்காலின் குறுக்கே போட்டு, அதன் மேல் வைக்கோலும் வாழை மட்டையும் உரச் சாக்குகளும் திணித்து அடைப்பது. அவசரத்துக்கு இது உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் விலையை யாரும் உடனே செலுத்துவதில்லை. மண்ணை எடுத்த இடத்தில் கரை மெலிகிறது. ஐப்பசி மழையில் கரை உடையும் இடங்களைப் போய்ப் பார்த்தால், அவற்றில் பல, முந்தைய மாதங்களில் மண்வெட்டி பட்ட இடங்களாகவே இருக்கும். அடைப்பை உடைக்கும்போது அந்த மண் முழுவதும் கீழே அடித்துச் செல்லப்பட்டு அடுத்த வளைவில் மேடாகப் படிகிறது. பெரும்பாலும் அடைப்பை முழுமையாக எடுக்காமல் நடுவில் மட்டும் வெட்டிவிட்டுப் போய்விடுவதால், இருபுறமும் எஞ்சிய மண்மேடு நிலைத்துவிடுகிறது, அதில் கோரை முளைக்கிறது, வெங்காயத்தாமரை வந்து சிக்குகிறது. வெயிலில் இற்றுப்போன பிளாஸ்டிக் சாக்கின் இழைகளோ நாற்றங்காலில்கூடக் கிடக்கின்றன.

கழற்றி எடுக்கும் தடுப்பு இந்த எல்லாவற்றையும் தவிர்க்கிறது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், குறிப்பாக கொலராடோ, வயோமிங், மொன்டானா பகுதிகளின் புல்வெளிகளுக்கு வாய்க்கால் வழியே நீர் பாய்ச்சுவோர், நீண்ட காலமாக ஒரு மரக்கழியில் கான்வாஸ் துணியைத் தைத்து அல்லது ஆணியடித்து, அதையே கையில் கொண்டுசெல்லும் அணையாகப் பயன்படுத்தி வருகிறார்கள். இப்போது கான்வாஸுக்குப் பதிலாக ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் துணி பரவலாகிவிட்டது. கழி இரு கரைகளிலும் படுத்திருக்கும், துணி தண்ணீர் வரும் திசையை நோக்கித் தரையில் விரிந்து கிடக்கும், அதன் மேல் ஏறும் தண்ணீரின் எடையே துணியைத் தரையோடும் கரையோடும் அழுத்தி அடைத்துவிடும். கருவியின் சிறப்பு முழுவதும் இந்த ஓர் எளிய உண்மையில்தான் இருக்கிறது: எந்த நீரைத் தடுக்கிறோமோ அந்த நீரே அடைப்பை இறுக்குகிறது.

நம் ஊரில் இதற்குத் தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை. நெல் காயவைக்கும் படுதா இல்லாத விவசாய வீடு டெல்டாவில் அரிது. மேல் ஓரம் கிழிந்த பழைய படுதாவிலிருந்தும் நல்ல பகுதியை வெட்டி எடுத்துக்கொள்ளலாம். மேற்புறம் மூன்றடி அகலமுள்ள வாய்க்காலுக்கு ஐந்தரை முதல் ஆறடி நீளமுள்ள சவுக்குக் கழி அல்லது முற்றிய மூங்கில் போதுமானது. இரு கரைகளிலும் கழி குறைந்தது ஓரடிக்கு மேல் அழுத்தமாக உட்கார வேண்டும் என்பதுதான் விதி. துணியைக் கழியில் ஒரு சுற்றுச் சுற்றி, மேலே ரீப்பர் பட்டை (மெல்லிய மரச்சட்டம்) வைத்து ஆணியடித்தால் கிழியாது, வெறுமனே ஓட்டை போட்டுக் கயிற்றால் கட்டினால் முதல் நாளிலேயே கிழியும். துணியின் அகலம் கழியின் நீளத்துக்கு இருக்கட்டும். நீளமோ, நிறுத்த வேண்டிய நீரின் உயரத்தோடு தரையில் விரிவதற்கு இன்னும் மூன்றடியாவது கூடுதலாக இருக்க வேண்டும். இந்தக் கூடுதல் பகுதியில் சிக்கனம் பார்ப்பவர்களின் தடுப்புதான் அடியில் நீர் புகுந்து, அரித்து, கால் மணி நேரத்தில் புரண்டு போகிறது.

வைக்கும் முறையிலும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் அந்த இடத்தில் தரையிலுள்ள கட்டை, கல், கோரைத்தட்டை ஆகியவற்றை அகற்ற வேண்டும். பிறகு கழியைக் கரையில் வைத்து, துணியின் அடி ஓரத்தை நீர் வரும் பக்கமாக விரித்து, அதன் மேல் ஈர மண்ணை நான்கைந்து மண்வெட்டி அளவுக்கு வைத்து, இரு பக்க ஓரங்களையும் கரையின் சரிவில் படியுமாறு மேலேற்றிவிட்டால், மற்றதைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். ஓட்டம் வேகமாக இருக்கும்போது ஒருவர் மட்டும் இதைச் செய்ய முயல்வது வீண் வேலை. துணி பாய்போல் உப்பிக் கையைவிட்டுப் போய்விடும். கூடுமானால் மேல்மடையைச் சிறிது நேரம் தணித்துக்கொண்டு வைக்க வேண்டும்.

படுதாவுக்கு மாற்றாக இரும்புத் தகட்டுத் தடுப்பும் உண்டு. வாய்க்காலின் குறுக்குவெட்டுக்கு ஏற்ப அரைவட்டமாகவோ கீழே குறுகியதாகவோ வெட்டிய தகட்டின் மேல் விளிம்பில் கைப்பிடி வைத்து, மண் வாய்க்காலின் தரையிலும் பக்கங்களிலும் மூன்று நான்கு அங்குலம் இறங்கும்படி மிதித்து நடுவார்கள். இரண்டடிக்குட்பட்ட சிறு வாய்க்காலுக்கும், காய்கறிப் பாத்திகளுக்கும் கரும்புக்கும் பாயும் கன்னி வாய்க்கால் எனும் வயலுக்குள் ஓடும் சிறு வாய்க்காலுக்கும் படுதாவைவிட இதுவே வசதி. ஆனால் கான்கிரீட் போட்ட வாய்க்காலில் தகட்டை நடவே கூடாது. கடப்பாரையால் சிமெண்ட் தளத்தில் காடி (நீள் பள்ளம்) குத்தி அதில் பலகையைச் செருகிய வாய்க்கால்களைப் பார்த்திருக்கிறேன். அந்த விரிசலில் தொடங்கும் கசிவு இரண்டு ஆண்டுகளில் தளத்தையே பெயர்த்துவிடுகிறது. தளம் போடும்போதே பலகை செருகுவதற்குரிய காடியை இருபுறமும் விட்டுக் கட்டுமாறு கேட்பது நம் உரிமை, கட்டி முடித்தபின் குத்துவதுதான் தவறு.

எவ்வளவு உயரம் வரை நிறுத்தலாம் என்ற கேள்விக்கு என் விடை உறுதியானது: கையால் வைத்து எடுக்கும் தடுப்பில் இரண்டடிக்கு மேல் கூடாது. மூன்றடி அகலத் தடுப்பின் மீது ஓரடி உயர நீர் ஏறக்குறைய 42 கிலோ விசையில் அழுத்துகிறது. இரண்டடியில் அது இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகி 170 கிலோவைத் தொடுகிறது. மூன்றடியில் 380 கிலோ. மூங்கில் முறிவதும் கரை பெயர்வதும் இந்தக் கணக்கை மறந்த இடங்களில்தான். மேலும் கரையின் உச்சிக்கும் நிறுத்திய நீருக்கும் இடையே அரை அடியாவது வெற்றிடம் இருக்க வேண்டும். இரவில் மேலே யாரோ ஒருவர் தம் மடையை அடைத்துவிட்டால் அவ்வளவு தண்ணீரும் நம் தடுப்புக்கு வந்து சேரும். துணியின் நடுப்பகுதியைக் கழியிலிருந்து சற்றுத் தாழ்த்திக் கட்டினால், மிகுந்த நீர் கரையை அரிக்காமல் நடுவிலேயே வழிந்து போகும். அப்படி வழியும் இடத்தில் ஓர் உரச் சாக்கையோ தென்னை மட்டைகளையோ போட்டுவைத்தால் தரையில் குழி விழாது.

இனி, தடுப்பின் பின்னால் தேங்கும் நீர் எதுவரை செல்லும் என்பது. டெல்டா நிலம் மிகத் தட்டையானது. 3000 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவுள்ள வாய்க்காலில் 15 சென்டிமீட்டர் உயர்த்தினால், அதன் தாக்கம் ஏறக்குறைய 450 மீட்டர் மேலே வரை தெரியும். அதற்குள் இருக்கும் பிறர் மடைகளில், அவர்களுக்கு முறை இல்லாத நேரத்தில் தண்ணீர் ஏறும். அறுவடைக்கு நிற்கும் வயலாக இருந்தால் சண்டையும் ஏறும். கீழே இருப்பவருக்கோ ஓட்டம் குறையும். எனவே தடுப்பை எங்கே, எத்தனை மணி நேரம் வைப்பது என்பது தனி ஒருவர் முடிவெடுக்கும் விஷயமாக இருக்க முடியாது. நீர்வளத் துறையின் வாய்க்காலில் அனுமதியின்றிக் குறுக்கே எதையும் வைப்பது சட்டப்படியும் குற்றமாகும். வயல் வாய்க்கால்களில், நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தின் முறை அட்டவணையிலேயே தடுப்பு வைக்கும் இடங்களையும் நேரத்தையும் எழுதிவிடுவது நல்லது. சங்கமே நான்கைந்து தடுப்புகளைச் செய்து வைத்து, முறைக்காரருக்குக் கொடுத்து வாங்கினால், "வைத்தவர் யார், எடுக்காதவர் யார்" என்ற கேள்விக்கும் இடமிருக்காது.

எடுப்பதில்தான் விபத்துகள் நேர்கின்றன. தேங்கிய நீர் முழு உயரத்தில் இருக்கும்போது கழியை ஒரே வீச்சில் தூக்க முயலக்கூடாது. கரையில் நின்றுகொண்டு துணியின் ஒரு பக்க ஓரத்தை மட்டும் சிறிது விலக்கி, மேலும் கீழும் மட்டம் ஏறக்குறைய ஒன்றாகும் வரை காத்திருந்து, அதன்பின் எடுக்க வேண்டும். தடுப்பின் கீழ்ப்பக்கத்தில் வாய்க்காலுக்குள் இறங்கி நிற்பது கூடவே கூடாது. அவிழ்ந்த ஈரத்துணி காலைச் சுற்றினால் இடுப்பளவு நீரிலும் ஆளைச் சாய்த்துவிடும். குழந்தைகளை அருகில் விட வேண்டாம். எடுத்த படுதாவைக் கரையிலேயே சுருட்டிப் போட்டுவிட்டுப் போனால் மறுநாள் அதற்குள் பாம்பு படுத்திருக்கும், ஆகையால் காயவைத்துக் கொட்டகையில் தொங்கவிடுவதே முறை.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில் எல்லாத் தடுப்புகளும் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். டெல்டாவில் ஓர் ஊருக்குப் பாசன வாய்க்காலாக இருப்பதே அடுத்த ஊரின் வடிகாலாகவும் இருக்கிறது. மேலே மறந்து விட்டுவந்த ஒரு படுதா, அங்கே இளம் சம்பாப் பயிர் மூழ்குவதற்குப் போதும். அந்த மாதங்களில் மழை இடையே நின்று தண்ணீர் தேவைப்பட்டால், பகலில் ஆள் இருக்கும் நேரத்துக்கு மட்டும் வைத்து எடுக்கலாம்.

இந்தக் கருவி உதவாத இடங்களும் உண்டு. வாய்க்காலின் தரை வயலைவிட மூன்றடி, நான்கடி இறங்கிவிட்ட இடத்தில் படுதாவால் ஒன்றும் ஆகாது; அங்கே தேவைப்படுவது, தரையின் குறுக்கே கட்டும் நிரந்தரமான படுகை அணையோ, கதவுகளால் நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரோதான். அதைக் கேட்டு மனுக் கொடுக்கும்போது "தண்ணீர் ஏறவில்லை" என்று மட்டும் எழுதாமல், கொத்தனாரிடமுள்ள டியூப் லெவலை (நீர் நிரப்பி மட்டம் பார்க்கும் ஒளிபுகும் குழாயை) வாங்கி, வாய்க்கால் தரை, ஓடும் நீர்மட்டம், மடையின் அடி, வயலின் தரை ஆகிய நான்கின் உயர வேறுபாட்டையும் சென்டிமீட்டரில் அளந்து, அளந்த தேதியோடும் அன்று வாய்க்காலில் ஓடிய நீரின் ஆழத்தோடும் மனுவில் சேருங்கள். தூர் வாரும் பணி தொடங்குவதற்கு முன்பே இதே அளவைக் கொடுத்துவிட்டால், பொக்லைன் எதுவரை வெட்டலாம் என்பதற்கும் அதுவே கைக்குறிப்பாக இருக்கும்.